லக்ஷ்மிபாய் நகரும் உடல் சொல்லும் சேதியும்

புது டில்லியின் தென்புறத்தே, ஐ.என்.ஏ. சந்தைக்கும் சரோஜினி நகருக்கும் இடையில் அமைந்தது லக்ஷ்மிபாய் நகர். ஜான்ஸி ராணியின் பெயர் தாங்கிய இக்குடியிருப்பு மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கென எழுந்தது. தென்னாட்டிலிருந்து வேலை நிமித்தம் வந்து சேர்ந்த நம்மவர் பலருக்குத் தலைநகர வாழ்க்கையின் முதல் வீடு இங்கோ, இதனைச் சூழ்ந்துள்ள கித்வாய் நகர், நேதாஜி நகர் முதலிய இடங்களிலோதான் வாய்த்தது. 1923-ஆம் ஆண்டில் தோன்றிய டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று இந்நகரிலேயே நடைபெறுகிறது. ஆகவே காலை வேளையில் வீதியில் தமிழ் கேட்கும். ஐ.என்.ஏ. சந்தைக்குள் நுழைந்தால் முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, சின்ன வெங்காயம், வாழையிலை யாவும் கிடைக்கும். ஊரைப் பிரிந்த ஏக்கம் நாவளவிலேனும் தணிவதற்கு இவ்வளவு போதும்.

இந்நகருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தெற்கே சற்றுத் தூரம் நடந்தால் இரு பெரும் ஆஸ்பத்திரிகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று, 1942-இல் யுத்த காலத்துப் படை ஆஸ்பத்திரியாகத் தோன்றிய சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. மற்றது, 1956-இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம். இவையன்றி, மத்திய சர்க்கார் ஊழியர்களுக்காக 1954-இல் டில்லியில் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் மருந்தகமும் அருகிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கண்டு, "உங்களுக்கென்ன குறை, ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருக்கிறீர்கள்" என்று சொல்வது வழக்கம். நாமும் அதைக் கேட்டு மகிழ்ந்து போவதுண்டு.

அந்த ஆஸ்பத்திரி வாசலை ஒரு நாள் மாலையில் நின்று பார்த்தவர்களுக்கு அம்மகிழ்ச்சி நிலைக்காது. பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இரவு முழுவதும் ரயிலில் வந்த ஏழை மக்கள், நடைபாதையிலும் சுரங்கப் பாதையிலும் கம்பளியை விரித்துப் படுத்திருப்பர். அவர்களுள் பலர் நோய் முற்றிய பின் வந்தவர்கள். ஏன் தாமதம் என்று அவர்களைக் கேட்க நமக்கு வாய் எழாது. தூரமும் வறுமையும் விடை சொல்லிவிடும். ஒரு மைல் தொலைவில் வாழ்ந்துகொண்டு, சம்பளமும் மருந்தகச் சீட்டும் கையில் வைத்துக்கொண்டு, நம்மவர்களும் அதே அளவு தாமதமாகப் போய்ச் சேருகிறார்களே, அதற்கு என்ன விடை?

நாம் சிந்தித்த வரையில் விடை இது. ஊரை விட்டு வந்தபோது வீட்டையும் நிலத்தையும் மட்டும் நாம் விட்டு வரவில்லை. நம்மைக் கவனித்துக்கொண்டிருந்த கண்களையும் விட்டுவிட்டு வந்தோம். ஊரில் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு, பேரன் நடந்து வரும் நடையே சேதி சொல்லும். தந்தைக்கும் அவர் தந்தைக்கும் மருந்து கொடுத்த வைத்தியருக்குக் குடும்பத்தின் நோய் வரலாறு மனப்பாடம். இங்கோ கணவனும் மனைவியும் குழந்தைகளும் ஒருவரையொருவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருப்பதனால், மெல்ல மெல்ல வரும் மாற்றம் எவர் கண்ணுக்கும் படுவதில்லை. வருஷத்திற்கொரு முறை வருகிறவர்களுக்கு அது வாசலிலேயே தெரிந்துவிடுகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லலாம். கும்பகோணத்திலிருந்து வந்த பெரியம்மா, முப்பத்திரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்ததும், "ஏண்டா, கழுத்தைத் தேய்த்துக் குளிக்கிறாயா இல்லையா? இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே!" என்று கடிந்துகொண்டார். மறுநாள் தாமே பயற்றம் மாவு குழைத்துக் கொடுத்தும் கருமை போகவில்லை. மூன்றாம் நாள் ஏதோ நினைவு வந்தவராய், "உன் அப்பாவுக்கும் இந்த வயதில் இப்படித்தான் இருந்தது. பிறகுதான் சர்க்கரை என்று சொன்னார்கள்" என்றார். பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட்டுத் துணி போல் கறுப்பது பல சமயங்களில் அழுக்கன்று. இன்ஸுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் வெளி அடையாளம் என்று மருத்துவர்கள் கூறுவர். இரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் பிள்ளைக்கு நீரிழிவு இன்னும் வரவில்லை. அதன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். உணவைக் குறைத்து, நடையைக் கூட்டி, எடையையும் இறக்கி, இன்றுவரை அந்தப் படியைத் தாண்டாமல் இருக்கிறான். பெரியம்மாவின் ரயில் கட்டணம் வீண் போகவில்லை.

இப்படி வாசற்படியில் நிற்போர் எத்தனை பேர் என்று எண்ணினால் திகைப்பாக இருக்கும். சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்த பெரும் ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி, அதற்கு முந்திய நிலையில் உள்ளோர் 13.6 கோடி என்பது அதன் கணக்கு. இவர்களுள் பலருக்கு உடல் ஏதோ ஒரு வகையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பது, நா வறள்வது, சிறு காயம் ஆற நாள் பிடிப்பது எல்லோரும் அறிந்தவையே. கால் செருப்பு வழியில் நழுவிப் போனதையும் அறியாமல் ஒருவர் நடந்து போகிறார் என்றால், அது மறதி என்று சிரித்துவிட வேண்டாம். பாதத்தின் உணர்வு குறைந்திருக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வரும் பேரப்பிள்ளைதான் அங்கே முதல் வைத்தியன்.

உடல் சேதி சொல்லுகிறது என்கிறோமே, அது வெறும் உபசாரப் பேச்சன்று. அதற்கென நரம்புகள் உண்டு. அவற்றை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற ஒருவர் நம் அண்டையிலேயே பணியாற்றினார் என்பது நம் வாசகர்களில் பலர் அறியாதது. ஔதார் சிங் பைந்தல் என்னும் அவ்விஞ்ஞானி 1925-இல் பர்மாவில் பிறந்தவர். அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தொடக்க காலத்தில் அங்கே உடலியல் பேராசிரியராக இருந்து, பின்னர் டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த வல்லபபாய் படேல் மார்புநோய் நிலையத்தின் இயக்குநராக நெடுங்காலம் விளங்கி, 2004-இல் மறைந்தார். ஒற்றை நரம்பிழையில் ஓடும் மின்துடிப்பைப் பிடித்து அளப்பதில் அவர் வல்லவர். இரைப்பை விரியும்போது "போதும்" என்று சொல்லும் நரம்பு முனைகளைப் பற்றி 1954-இல் எழுதினார். அடுத்த ஆண்டில், நுரையீரலின் நுண்ணறைச் சுவர்களில், மயிரிழைக் குழாய்களை ஒட்டிக் காவல் காக்கும் வேறொரு வகை நரம்பு முனைகளை விளக்கினார். 1969 முதல் அவற்றுக்கு 'ஜே' உணர்விகள் என்று பெயர்.

இவை செய்யும் வேலை வியப்புக்குரியது. இருதயம் தளர்ந்து நுரையீரலில் இரத்தம் தேங்கி நீர் கசியத் தொடங்கினால், இவை விழித்துக்கொள்கின்றன. மூச்சு மேலாகவும் விரைவாகவும் ஓடுகிறது. மூச்சு முட்டுகிற உணர்வு தோன்றுகிறது. கால் தசைகளைத் தளர்த்தி, "இனி நடவாதே" என்று நம்மை நிறுத்துவதும் இவற்றின் வேலை என்பது பைந்தலின் கருத்து. மாடிப்படியில் கால் தானாக நிற்கும்போது உள்ளே ஒரு காவலன் கையை உயர்த்தியிருக்கலாம் என்று இதற்குப் பொருள். இரைப்பைக் காவலனுடைய கதையும் இதுவே. அவன் "போதும்" என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் நம் வீடுகளில் "இன்னும் ஒரு கரண்டி" என்று உபசாரம் தொடங்குகிறது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் முழுவதையும் புரட்டினாலும் மருந்துச் சரக்கின் பெயர் ஒன்றும் இராது. பெரும்பகுதி, பசியறிந்து அளவோடு உண்பதைப் பற்றியதே. வள்ளுவனார் நரம்பிழையைக் கண்டவரல்லர். ஆயினும் காவலனின் குரலைக் கேட்டவர்.

படி என்றதும் இந்நகரில் நிகழ்ந்த மற்றொன்று நினைவுக்கு வருகிறது. இங்குள்ள பழைய அடுக்கு வீடுகளில் மின்தூக்கி கிடையாது. மேல்மாடியில் வசித்த உத்தியோகஸ்தர் ஒருவர், ஐம்பத்தாறு வயதினர், இருபது வருஷமாக ஒரே மூச்சில் ஏறிப் பழகியவர். சில மாதங்களாக முதல் திருப்பத்தில் நின்று, கையிலிருந்த பத்திரிகையை விரித்து இரண்டு வரி படித்துவிட்டு மேலே ஏறுவார். அவர் மனைவிக்கு இது தெரியாது. கதவைத் திறக்கும்போது வழக்கம்போல் நிற்கும் கணவரைத்தான் காண்பார். கீழ்வீட்டு அம்மாள்தான் கவனித்தார். ஒரு நாள் மேலே சென்று, "மாமி, மாமா இப்போதெல்லாம் படியில் நின்று பேப்பர் படிக்கிறாரே, பார்த்தீர்களோ? அங்கே வெளிச்சமே இல்லையே" என்று கேட்டார். மாமா சிரித்தார், வயதாயிற்று, வேறென்ன என்றார்.

"வயதாயிற்று" என்ற சொல்லைப் போல் ஆபத்தான மூடுதிரை வேறில்லை என்பது நம் அபிப்பிராயம். வயது ஆறு மாதத்தில் வருவதன்று. முன்பு எளிதாகச் செய்த காரியம் சில வாரங்களுக்குள் கடினமாகிவிட்டதென்றால், அங்கே வயதைக் குற்றவாளியாக நிறுத்தக் கூடாது. மாமியின் வற்புறுத்தலால் அவர் மருந்தகத்துக்குப் போனார். படுத்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி. படத்தில் ஒரு பழுதும் இல்லை. அத்துடன் அவர் திரும்பியிருப்பார். ஆனால் டாக்டர், படியில் நிற்கும் கதையைக் கேட்டிருந்தமையால் விடவில்லை. ஓடும் பட்டையில் நடக்க வைத்துச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் இரண்டு குறுகியிருந்தன. மாரடைப்பு வருவதற்கு முன்பே குழாய்களை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். யந்திரம் காணாததைக் கதை காட்டிக்கொடுத்தது. டாக்டரிடம் போகும்போது என்ன வலி என்பதை மட்டும் சொல்லாமல், முன்பு எப்படி, இப்போது எப்படி என்று சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதை இதனால் அறியலாம்.

2007-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. ஏனைய நாட்டினருக்கு அது 59-ஐ ஒட்டியது. ஆறு வருஷம் முந்திக்கொண்டு வருகிறது. நம் வீடுகளில் அது வரும்போது 'வாயு' என்ற பெயரில் வருகிறது. மார்பில் பாரம், தாடையில் இழுப்பு, இடது தோளில் குடைச்சல், காரணமில்லாத வியர்வை எல்லாவற்றுக்கும் பெருங்காயமும் சுக்குமே மருந்து! பக்கத்துத் தெருவில் ஒருவர் மூன்று நாள் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார். நான்காம் நாள் போகவில்லை. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மார்பு வலியே இல்லாமல், அசதியும் குமட்டலும் முதுகு வலியுமாகவே வரக்கூடும் என்பதால் இவ்விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வந்தோம். குடும்பத்தில் அனைவரையும் கவனிக்கும் கண் அவர்களுடையது. அவர்களைக் கவனிக்கும் கண்தான் இல்லை. அரிசி களையும்போது ஒரு பிடிப் பச்சரிசியை வாயில் போட்டு மெல்லும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. சிலேட்டுக் குச்சி, சாம்பல், செங்கற்பொடி என்று தேடுவோரும் உண்டு. வேடிக்கையாகப் பேசப்படும் இந்த ஆசை, உடலில் இரும்புச் சத்துக் குறைந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தால் வெளுத்திருக்கும். நகம் குழிந்து கரண்டி போலாகும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று கண்டனர். பல்கலைப் பட்டமும் உத்தியோகமும் உள்ள வீடுகள் இதற்கு விலக்கு என்று எண்ணிவிடலாகாது. மார்பில் வலியற்ற கட்டி தட்டுப்பட்டால் வலிக்கவில்லையே என்று இருந்துவிடுவதும் இதே வகைதான். அங்கே வலி இல்லாமை ஆறுதலுக்கு உரியதன்று.

இவ்வளவு சொன்ன பின் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. இரத்த அழுத்தம் என்பது பெரும்பாலும் வாய் திறவாத நோய். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் டாக்டர் புரூன் சோதித்தபோது அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. அக்காலத்தில் அதைத் தணிக்கத் தக்க மருந்துகளும் இல்லை. அதை ஒரு பெரும் ஆபத்தாகப் பலர் கருதவும் இல்லை. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அவர் மாண்டார். மூன்றாண்டு கழித்து அந்நாட்டில் பிரேமிங்ஹாம் என்னும் சிற்றூரின் மக்களை வருஷக் கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கிற்று. அழுத்தமும் கொழுப்பும் புகையும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பது அவ்வாறு கவனித்ததனால் தெளிவாயிற்று. இன்று மருந்தகத்தில் இரண்டு நிமிஷத்தில் அளந்து சொல்கிறார்கள். 140-க்கு 90 என்ற வரம்பை எட்டினால் மறுபடி மறுபடி அளந்து உறுதி செய்கிறார்கள். தலை சுற்றினால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது சரியன்று. பேசாத நோய்க்கு அளவுகோல்தான் காது.

அளவு என்றால் நம் நகருக்கு அருகிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. டில்லியின் வெப்பநிலை என்று நாள்தோறும் பத்திரிகைகளில் வெளிவரும் கணக்கு, சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் குறிக்கப்படுவதே. மழை பெய்தாலும் பனி பெய்தாலும் அங்கே ஒருநாளும் கணக்கு நிற்பதில்லை. ஆகவேதான் ஒரு டிகிரி ஏறினாலும் வழக்கத்துக்கு மாறானது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. வீட்டில் ஒரு பழைய டயரியில் மாதத்திற்கொரு நாள் ஒவ்வொருவருடைய எடை, இடுப்புச் சுற்றளவு, அழுத்தம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால் இரண்டு வருஷத்தில் அக்குடும்பத்துக்கென்று ஒரு வானிலை நிலையம் அமைந்துவிடும். முயலாமலே எடை இறங்குவதும் அப்போது தெரியும். பட்டினி கிடக்காமல் மெலிந்தவரைப் பாராட்டும் வழக்கத்தை விட்டு, காரணத்தை விசாரிக்கத் தோன்றும்.

இதைக் கேட்டு, ஒவ்வொரு ஏப்பத்துக்கும் தும்மலுக்கும் அஞ்சுவோர் சிலர் உண்டு. அவர்கள் தங்களையும் வருத்தி, மருந்தக வரிசையையும் நீட்டுகிறார்கள். புதியதா, நீடிக்கிறதா, வரவர மிகுகிறதா என்ற மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொண்டால் பெரும்பாலான அச்சம் அடங்கிவிடும். தீபாவளியை ஒட்டி இவ்வூரில் புகை மண்டும்போது தொண்டை கரகரக்காதவர் யார்? ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் சேர்ந்தாலோ, புகையின்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருத்தல் கூடாது. சளியைச் சோதிக்க வேண்டும். வாய் ஒருபுறம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் மூன்று கேள்விகளுக்கும் அவகாசம் இல்லை. பத்து நிமிஷத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் தரும். ஒரு மைல் தொலைவில் குடியிருப்பதன் பயன் அப்போதுதான் தெரியும்.

மார்கழி, தை மாதங்களில் ஞாயிறு நண்பகலில் இந்நகரின் புல்வெளிகளைப் பார்க்க வேண்டும். கம்பளி விரித்து, ஆரஞ்சும் வேர்க்கடலையும் உரித்துக்கொண்டு, குடும்பம் குடும்பமாக வெயிலில் அமர்ந்திருப்பார்கள். எலும்புக்கு வேண்டிய சத்து வெயிலால் கிடைக்கும் என்று டாக்டர்கள் சொல்வது ஒருபுறமிருக்க, பக்கத்து வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்ப்பது அங்கேதான். "என்ன, முகம் ஊதினாற்போல் இருக்கிறதே?" "உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு குளிர்கிறது?" என்ற கேள்விகள் எழும். காலை முகவீக்கத்தால் சிறுநீரகக் கோளாறும், தாங்காத குளிரால் தைராய்டுக் குறையும் வெளிப்பட்டதுண்டு. திண்ணைப் பாட்டியின் வேலையை ஓரளவுக்கு இந்தப் புல்வெளி செய்கிறது.

சர்க்கார் குடியிருப்பில் ஒரு சங்கடம் உண்டு. மாற்றல் உத்தரவு வந்தால் பழகிய கண்களும் பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும். கீழ்வீட்டு அம்மாள் குடும்பத்துக்கும் சென்ற ஆண்டு சென்னைக்கு மாற்றலாயிற்று. அவ்வீட்டுக்குக் கோயமுத்தூரைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதி வந்தனர். புறப்படுவதற்கு முந்திய நாள் அம்மாள் அந்தப் பெண்ணை அழைத்து, தண்ணீர் வரும் நேரம், பால்காரர் கணக்கு எல்லாம் சொல்லிவிட்டு, "மேல்மாடி மாமா படி ஏறும்போது செருப்புச் சத்தத்துக்குக் கொஞ்சம் காது கொடும்மா. நடுவில் நின்றால் மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்றார்.

"எத்தனை மணிக்குங்க வருவாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆறேகால்" என்றார் அம்மாள்.